பெல்ஷாத்சாரில் இருக்கும் ‘சார்’ யார்?

கிழக்குவாசல்

போன ஞாயிறு ஆலயத்தில் பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. இரண்டாம் இராஜாக்கள், 19ஆம் அதிகாரம். சனகெரிப் வரைக்கும் சமாளித்துவிட்டேன். கடைசி வசனத்தில் அத்ரமலேக்கு, சரேத்சேர், எசரத்தோன் என்று மூன்று பேர் வரிசையாக வந்து நின்றதும் நாக்கு பிசகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: “அம்மா, அந்த ராஜாக்களுக்கு யார் இப்படியெல்லாம் பேர் வைத்தது? அதற்கு அர்த்தம் இருக்கிறதா இல்லையா?”

எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் பெல்ஷாத்சார் என்று கேட்டபோது, கணக்கு சார், தமிழ் சார் மாதிரி மரியாதைக்குச் சேர்த்த ‘சார்’ என்றே நினைத்திருந்தேன். நேபுகாத்நேச்சார், சல்மனாசார் என்று பாபிலோன், அசீரியா பக்கம் பாதிப் பேருக்கு சார். தானியேலுக்கு அவர்கள் வைத்த பெயரும் பெல்தெஷாத்சார். அந்த ‘சார்’ என்னதான்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களிமண்

சிரிக்கவில்லை அக்கா. அத்தனை ‘சார்’களும் ஒரே சார் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

இந்த ராஜாக்களின் மொழி அக்காடியம். வடக்கே அசீரிய வழக்கு, தெற்கே பாபிலோனிய வழக்கு. அதில் ஆளின் பெயர் பெரும்பாலும் ஒரு முழு வாக்கியம். ஒரு தெய்வம், ஒரு உறவுச்சொல், ஒரு வினை. பெற்றவர்கள் தெய்வத்திடம் கேட்டது, அல்லது தெய்வம் கொடுத்ததற்குச் சொன்ன நன்றி. அதுவே பிள்ளையின் பெயராகிவிடும்.

நேபுகாத்நேச்சார் என்பது நபு-குதுர்ரி-உஸுர். “நபுவே, என் வாரிசைக் காப்பாயாக.” கடைசியில் நிற்கும் ‘உஸுர்’ என்பதுதான் ‘காப்பாற்று’ என்ற வேண்டுதல். பெல்ஷாத்சார் என்றால் பேல்-ஷர்-உஸுர், “பேலே, அரசனைக் காப்பாயாக.” ‘ஷர்’ அரசன். பெல்தெஷாத்சாரைப் பலரும் பலாத்ஸு-உஸுர், “அவன் உயிரைக் காப்பாயாக” என்று எடுக்கிறார்கள். ஆக உங்கள் ‘சார்’ இந்த மூவரிடத்திலும் ‘காப்பாற்று’தான்.

சல்மனாசார் வேறு கதை. அது சல்மானு-அஷரேது, “சல்மானு தெய்வமே முதன்மையானவர்.” கடைசி அசை எபிரேயத்துக்குப் போகும் வழியில் உதிர்ந்துவிட்டது. திகிலாத்பிலேசர் இன்னும் வேறு. துகுல்தி-அபில்-எஷர்ரா, “எஷர்ராவின் மைந்தனே என் நம்பிக்கை.” எஷர்ரா என்பது அஷூர் நகரில் அஷூர் தெய்வத்துக்கு இருந்த கோவில். மைந்தன் என்பது நினுர்தா தெய்வத்தை. இவர்களுக்கும் சாருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரேத்சேர் அரைப்பெயர். “...அரசனைக் காப்பாயாக” என்று மட்டும் நிற்கிறது, முன்னால் இருக்க வேண்டிய தெய்வத்தைக் காணோம். எரேமியா 39இல் வரும் நெர்கல்சரேத்சேரைப் பாருங்கள், அங்கே நெர்கல் தெய்வம் கூடவே வந்துவிட்டது.

மழைத்துளி

ஒரு நிமிடம். அப்படியென்றால் நேபுகாத்நேச்சார் என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் “நபுவே, என் வாரிசைக் காப்பாயாக” என்று முழுசாகச் சொல்லியாக வேண்டுமா? சாப்பிடக் கூப்பிடுவதற்குள் சோறு ஆறிவிடுமே.

களிமண்

வீட்டில் சுருக்கித்தான் கூப்பிட்டிருப்பார்கள். திகிலாத்பிலேசர் மூன்றாமவருக்கு வேதாகமத்திலேயே பூல் என்று இன்னொரு பெயர் வருகிறது. பாபிலோனிய அரசர் பட்டியல் ஒன்றிலும் அவர் ‘பூலு’தான். ‘அபில்’ என்ற நடுத்துண்டிலிருந்து வந்த செல்லப்பெயர் என்பது ஒரு கருத்து. அவருக்குப் பின் வந்த சல்மனாசார் ஐந்தாமவர் அதே பட்டியலில் உலூலாயு. உலூலு மாதத்தில் பிறந்தவன் என்று அர்த்தம். பட்டத்துக்கு வருமுன் அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களிலும் உலூலாயு என்றே இருக்கிறது.

கடலோரம்

மதரஸாவில் ஓதிய அரபு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதால் எனக்கு இது வேறு மாதிரிக் கேட்கிறது. ‘உஸுர்’ என்பது நஸர, நஸ்ர் என்ற வேரோடு சேர்ந்ததா? உதவு, துணை நில் என்ற அர்த்தத்தில் வருமே.

களிமண்

கேட்க ஒன்று போல இருந்தாலும் அது இல்லை பாய், அரபியில் இதற்கு நேரான உறவு ‘பார்’ என்ற பொருளுள்ள நளர. அக்காடிய வேர் நூன், ஸாத், ரே. எபிரேயத்திலும் காவல் காப்பதற்கு இதே வேர் உண்டு. அக்காடியமும் செமிட்டிக் குடும்பம்தானே. நீங்கள் இன்னும் பலவற்றைப் பிடித்துவிடலாம். சகோதரன் அங்கே அஹு, உங்களுக்கு அக். பெயர் அங்கே ஷுமு, உங்களுக்கு இஸ்மு. சூரியன் ஷமஷ், உங்களுக்கு ஷம்ஸ். வாசல் பாபு, உங்களுக்கும் பாப். பாப்-இலி, அதாவது தெய்வத்தின் வாசல் என்று பாபிலோனியரே தங்கள் ஊர்ப் பெயருக்குப் பொருள் சொன்னார்கள். ஆதியாகமம் அதையே ‘தாறுமாறு’ என்ற எபிரேயச் சொல்லோடு முடிச்சுப் போட்டுவிட்டது.

கிழக்குவாசல்

மகளுக்கு இதுவரை வாசித்துக் காட்டினேன். இப்போது அவளுக்கு சனகெரிப் வேண்டுமாம்.

களிமண்

சனகெரிப்பைத்தான் நான் முதலில் எடுத்திருக்க வேண்டும்.

சின்-அஹ்ஹே-எரீபா. சின் என்பது நிலாத் தெய்வம். அஹ்ஹே, சகோதரர்கள். எரீபா, ஈடு செய்தார். “சின் தெய்வம் (இழந்த) சகோதரர்களுக்கு ஈடு தந்தார்.” இவருக்கு முன் பிறந்த ஆண் பிள்ளைகள் இறந்துபோயிருக்கிறார்கள், அந்த இடத்தை நிரப்பப் பிறந்தவர் இவர். எத்தனை பேர் என்று அவர்கள் எழுதி வைத்த எந்தக் களிமண் பலகையும் சொல்லவில்லை. பன்மையில் இருப்பதால் ஒருவர் மட்டும் இல்லை என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

கி.மு. 705இல் பட்டத்துக்கு வந்தார். தன் மூத்த மகனுக்கு இவர் வைத்த பெயர் அஷூர்-நாதின்-ஷுமி, “அஷூர் பெயரைத் தருபவர்.” இங்கே ‘பெயர்’ என்றால் பெயர் சொல்லப் பிள்ளை. நாமும் அப்படித்தானே சொல்கிறோம். 700இல் அந்த மகனைப் பாபிலோனுக்கு ராஜாவாக வைத்தார். 694இல் எலாமியர், அதாவது கிழக்கே இன்றைய ஈரான் பக்கம் இருந்தவர்கள், அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. 689இல் சனகெரிப் பாபிலோனைத் தரைமட்டமாக்கியதற்குப் பின்னால் இந்தக் கோபமும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அடுத்து எசரத்தோன். அஷூர்-அஹ-இத்தின, “அஷூர் ஒரு சகோதரனைத் தந்தார்.” யாருக்குச் சகோதரன்? ஏற்கெனவே பிறந்துவிட்ட அண்ணன்களுக்கு. கடைக்குட்டி வரிசைப் பெயர் இது. அவரைத்தான் சனகெரிப் பட்டத்து இளவரசன் ஆக்கினார். ஆக்கியபோது “வாரிசை நிலைநிறுத்துபவர்” என்று முடியும் ஒரு நீண்ட புதுப் பெயரும் கொடுத்தார், தம்பிப் பெயர் பட்டத்துக்குப் பொருந்தவில்லை போல. புதுப் பெயர் ஒட்டவில்லை, எசரத்தோன் எசரத்தோனாகவே நின்றுவிட்டார். அண்ணன்களுக்கு இது பிடிக்கவில்லை. 681இல் அப்பாவைக் கொன்றார்கள்.

நீங்கள் தடுமாறிய வசனம் அதுதான் அக்கா. அத்ரமலேக்கு யார் என்பது ரொம்ப நாளாகத் தெரியாமல் இருந்தது. அசீரியப் பலகைகளில் அப்படி ஒரு இளவரசன் கிடையாது. 1980இல் ஃபின்லாந்து அறிஞர் சீமோ பர்போலா ஒரு பழைய கடிதத்தைப் புதிதாகப் படித்து, அது அர்தா-முலிஸ்ஸு என்று காட்டினார். “முலிஸ்ஸு தேவியின் அடியான்.” ‘அர்த’ என்பது ‘அத்ர’ என்று முன்பின்னாகிவிட்டது. எழுதும்போது இடம் மாறியதா, சொல்லும்போதா, யார் கண்டது.

அந்தக் கடிதம் சொல்லும் சம்பவம் பயங்கரம். சதியைப் பற்றித் தெரிந்த ஒருவன் ராஜாவிடம் முறையிட வேண்டும் என்று வருகிறான். இரண்டு அதிகாரிகள் அவன் மேலாடையை இழுத்து முகத்தை மூடி ஒருவர் முன்னால் நிறுத்தி, “ராஜா இருக்கிறார், சொல்” என்கிறார்கள். “உங்கள் மகன் அர்தா-முலிஸ்ஸு உங்களைக் கொல்லப் போகிறான்” என்று சொல்லிவிடுகிறான். துணியை எடுத்துப் பார்த்தால் எதிரே அர்தா-முலிஸ்ஸுவே உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் அவன் உயிரோடு இல்லை.

மழைத்துளி

ராத்திரி பதினொரு மணிக்கு இதைப் படித்தது தப்பு.

பழம்பஞ்சாங்கம்

களிமண் தம்பி நன்றாகச் சொன்னார். எழுதும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கலாமா?

நம் பழைய கணக்குப் புத்தகங்களிலும் பஞ்சாங்கத்திலும் ௳ என்று ஒரு குறி போட்டால் ‘நாள்’, ௴ போட்டால் ‘மாதம்’, ௵ போட்டால் ‘வருடம்’ என்று வாசிப்போம். எழுத்துக்கூட்டி எழுதமாட்டார்கள். ஈரக் களிமண்ணில் ஆப்பு வடிவில் குத்தி எழுதிய அவர்களுடைய ஆப்பெழுத்தில் ராஜாக்களின் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஒரு குறி, ஒரு சொல். அதிலும் நிலாத் தெய்வம் சின்னை எழுத 30 என்ற எண்ணைப் போடுவார்கள், மாதத்துக்கு முப்பது நாள் என்பதால். ஷமஷுக்கு 20, இஷ்தாருக்கு 15. ஆகவே சனகெரிப் தன் பெயரை ‘30-சகோதரர்கள்-ஈடு’ என்று சில குறியிலேயே முடித்துவிடலாம்.

சிக்கல் என்னவென்றால் ஒரே குறிக்கு இரண்டு வாசிப்பு உண்டு. ‘சகோதரன்’ என்பதற்கான குறியையே ‘காப்பாற்று’ என்றும் வாசிக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் இதைப் படிக்க உட்கார்ந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். இவர்கள் சும்மா கற்பனையாகப் படிக்கிறார்கள் என்று லண்டனில் பலர் சந்தேகப்பட்டார்கள். 1857இல் ராயல் ஆசியாட்டிக் சொசைட்டி ஒரு பரீட்சை வைத்தது. ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஓப்பர்ட் என்ற நால்வரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் ஒரே கல்வெட்டை மொழிபெயர்த்து உறையில் போட்டு அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் பெருமளவு ஒத்துப்போனது. அது திகிலாத்பிலேசர் முதலாமவருடைய கல்வெட்டு, கி.மு. 1100 வாக்கில் எழுதியது.

உலூலு மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூதர் பஞ்சாங்கத்தின் ஏலூல் மாதம் அதுதான். ஈராக்கிலும் துருக்கியிலும் இன்றும் செப்டம்பருக்கு அதே பெயர்தான், அய்லூல், எய்லுல் என்று.

ஊர்சுற்றி

நல்ல இழை. ஆனால் எல்லோரும் கண்ணுக்கு முன்னால் இருப்பதை விட்டுவிட்டுப் போகிறீர்கள். ஊர் என்ற நகரத்தின் ராஜா பெயர் ஊர்-நம்மு. ‘நம்ம ஊர்’ என்பதைத் திருப்பிப் போட்டால் வேறென்ன? பாபிலோன் ராஜா ஹம்முராபியின் பெயரில் உள்ள ‘அம்மு’வுக்கு உறவினன், தகப்பன் வழிச் சொந்தம் என்று ஆராய்ச்சியாளர்களே அர்த்தம் சொல்கிறார்கள். நம்மிடம் அம்மான் இல்லையா? இதெல்லாம் தற்செயல் என்று சொன்னால் நம்ப நான் தயாரில்லை.

களிமண்

இதை எதிர்பார்த்தேன், இவ்வளவு தாமதமாக வந்ததுதான் ஆச்சரியம்.

ஊர்சுற்றி அண்ணா, அந்த நகரத்தின் பெயர் சுமேரியத்தில், அதாவது அக்காடியத்துக்கு முன்பே அங்கே எழுதப்பட்ட வேறு மொழியில், உரிம். நாம் ‘ஊர்’ என்று சொல்வது வேதாகமம் வழியாக வந்த உருவம். ஊர்-நம்முவில் உள்ள ‘உர்’ அந்த நகரமே இல்லை. அது சுமேரியத்தில் ஆள், வீரன் என்ற பொருளுடைய வேறு சொல், வேறு குறி. நம்மு ஆதி நீரின் தேவி. “நம்முவின் ஆள்.” அதே ‘உர்’ குறிக்கு நாய் என்றும் பொருள் உண்டு. அதை வைத்து யாரும் புதிதாகக் கிளம்பிவிடாதீர்கள்.

ஹம்முராபி விஷயம் இன்னும் சுவாரசியம். அவர் வம்சம் அமோரியர், மேற்கிலிருந்து வந்தவர்கள். அம்மு-ராபி என்பது அமோரியப் பெயர். “உறவினர் (தெய்வம்) குணப்படுத்துகிறார்” என்பது இன்று பலரும் ஏற்கும் பொருள். பல நூற்றாண்டு கழித்து அசீரிய, பாபிலோனிய எழுத்தர்களுக்கே இந்தப் பெயர் புரியவில்லை. ஆகவே ஒரு பெயர்ப் பட்டியலில் பக்கத்திலேயே அக்காடியத்தில் விளக்கம் எழுதினார்கள்: ஹம்முராபி என்றால் கிம்த-ரபஷ்தும், ‘பரந்த குடும்பம்.’ ‘ராபி’யைத் தங்களுக்குத் தெரிந்த ‘பரந்த’ என்ற சொல்லோடு சேர்த்துவிட்டார்கள். காதில் விழுந்ததைத் தன் மொழியில் கேட்பது அவர்களுக்கும் இருந்த பழக்கம்தான். உங்களுக்கு நல்ல துணை.

ஊர்சுற்றி

நாய் விஷயத்தை விட்டுவிடுகிறேன். ‘அம்மு’வை விடுவதாக இல்லை.

மட்டுறுத்துநர்

சொல்லாராய்ச்சிக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அம்மு அங்கே போகட்டும். இங்கே ராஜாக்கள் மட்டும்.

நாடோடி77

சர்கோனை யாரும் தொடவில்லையே. சனகெரிப்பின் அப்பா. ஷர்ரு-கீன், “அரசன் உண்மையானவன்”, “முறையானவன்.” என் சந்தேகம் இதுதான்: தன்னை முறையான அரசன் என்று பெயரிலேயே போட்டுக்கொள்பவன் எப்படி வந்திருப்பான்?

கி.மு. 722இல் சல்மனாசார் ஐந்தாமவருக்குப் பின் வந்தார். இவர் கல்வெட்டுகளில் அப்பா பேரைச் சொல்வதே அபூர்வம், மற்ற அசீரிய ராஜாக்கள் பாட்டன் பூட்டன் வரை இழுப்பார்கள். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த அக்காட் சர்கோனின் பெயர் வேறு. குழந்தையாக நாணல் கூடையில் வைத்து ஆற்றில் விடப்பட்டு, நீரிறைப்பவன் எடுத்து வளர்த்து, ராஜாவானவர் என்று கதை சொல்லப்பட்டவர். அந்தப் பெயரை எடுத்துக்கொள்வது சும்மா நடக்கிற காரியமா?

தன் பெயரில் தூர்-ஷர்ருகீன் என்று ஒரு தலைநகரையே கட்டினார். அதன் மதில் 16,283 முழம், அது “என் பெயரின் எண்” என்று கல்வெட்டில் சொல்கிறார். அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் எல்லோரும் ஒப்பும்படி விடுவிக்கவில்லை.

பழம்பஞ்சாங்கம்

16,280 என்றும் மொழிபெயர்ப்பு உண்டு, கவனியுங்கள். பெயருக்கு எண் பார்த்துக் கட்டடம் கட்டுவது அப்போதே இருந்திருக்கிறது, எண்கணிதக்காரர்கள் மகிழ்ச்சி அடையலாம்.

எண்ணோடு விளையாடுவதில் அவர் பேரன் எசரத்தோன் இன்னும் கெட்டிக்காரர். பாபிலோன் 70 வருடம் பாழாய்க் கிடக்க வேண்டும் என்று அந்த ஊரின் தெய்வமான மார்துக் விதியில் எழுதினாராம். அப்பா இடித்த ஊரைச் சீக்கிரமே கட்ட வேண்டும், விதியை மீறவும் கூடாது. ஆப்பெழுத்தில் அறுபதுக்கு ஒரு நேர் ஆப்பு, பத்துக்கு ஒரு சாய்ந்த ஆப்பு. ஒன்றுக்கும் அதே நேர் ஆப்புதான். 60-10 என்று எழுதியதை இடம் மாற்றி 10-1 என்று வைத்தால் 11. கோபம் தணிந்த மார்துக் எண்ணைத் தலைகீழாகத் திருப்பி, பதினோராம் வருடத்திலேயே கட்டச் சொல்லிவிட்டார் என்று எசரத்தோன் கல்வெட்டு சொல்கிறது.

களிமண்

நாடோடி அண்ணா, சர்கோன் பட்டப்பெயர் என்பது நியாயமான ஊகம்தான், ஆனால் அவர் பிறந்தபோது வைத்த பெயர் என்ன என்று காட்ட ஒரு பலகையும் இல்லை. தன்னைத் திகிலாத்பிலேசரின் மகன் என்று ஓரிடத்தில் சொல்லியும் இருக்கிறார். ஆகவே நான் பாதி தூரம்தான் உங்களோடு வருவேன்.

அவர் முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. 705இல் இன்றைய துருக்கியில் இருந்த ‘தபால்’ என்ற நாட்டில் போர். ராஜா செத்தார், உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்கு அடக்கம் இல்லை, அடக்கம் இல்லாதவன் ஆவியாக அலைவான் என்பது அவர்கள் நம்பிக்கை. சனகெரிப் புது ஊரை அப்படியே விட்டுவிட்டு நினிவேக்குப் போனார், தன் கல்வெட்டுகளில் அப்பா பேரை எடுக்கவே இல்லை. பெயருக்காக மதிலையே அளந்தவருக்கு நடந்தது இது. ஏசாயா 20:1இல் ஒரே ஒரு இடத்தில் சர்கோன் என்று இருந்தது, அது யார் என்றே பலருக்குப் புரியாமல் இருந்தது. 1843இல் போட்டா என்ற பிரெஞ்சுத் தூதர், தூர்-ஷர்ருகீன் இருந்த இடமான கோர்சாபாத்தில் தோண்டியபோதுதான் அரண்மனையே வெளியே வந்தது.

கிழக்குவாசல்

மறுபடி என் பெல்ஷாத்சாருக்கு வருகிறேன். அவர் நேபுகாத்நேச்சாரின் மகன் என்று தானியேல் 5இல் இருக்கிறது. சரித்திரத்தில் அப்படி இல்லை என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். எது சரி?

களிமண்

அதற்கு இந்த வம்சத்தை ஒரு தடவை ஓடிப் பார்க்க வேண்டும். பெயர்களைக் கவனியுங்கள்.

முதலில் நபோபொலாசர், 626இல். நபு-அப்ல-உஸுர், “நபுவே, வாரிசைக் காப்பாயாக.” மகன் நேபுகாத்நேச்சார், 605 முதல் 562 வரை. “நபுவே, என் வாரிசைக் காப்பாயாக.” அப்பன் பெயரிலும் மகன் பெயரிலும் ஒரே வேண்டுதல். (பழைய புத்தகங்களில் ‘என் எல்லையைக் காப்பாயாக’ என்று இருக்கும். குதுர்ரு என்ற சொல்லுக்கு எல்லைக்கல் என்றும் பொருள் இருப்பதால் வந்த குழப்பம்.)

வேண்டுதல் பலித்ததா? வாரிசு அமேல்-மார்துக், “மார்துக்கின் ஆள்.” வேதாகமத்தில் ஏவில்மெரொதாக். எபிரேயத்தில் எவில் என்றால் மூடன். வேண்டுமென்றே அப்படி எழுதினார்களா என்று சிலருக்குச் சந்தேகம் உண்டு, எனக்கு இல்லை, ‘ம’வும் ‘வ’வும் அந்தக் காலத்தில் கலந்து ஒலித்தவைதான். யூதாவின் ராஜா யோயாக்கீனைச் சிறையிலிருந்து விடுவித்தவர் இவர். இரண்டே வருடம். அக்கா புருஷனோ தங்கை புருஷனோ, நெரிக்லிசார் கையால் முடிந்தார். நெரிக்லிசார் என்பதும் உங்கள் நெர்கல்சரேத்சேர் என்ற அதே பெயர்தான். நாலு வருடம் ஆண்டார். அவர் மகன் லாபாஷி-மார்துக், “மார்துக்கே, நான் வெட்கப்பட்டுப் போகாதிருப்பேனாக.” சில மாதத்திலேயே கொன்றுவிட்டார்கள்.

அப்புறம் 556இல் வந்தவர் நபோனிது, நபு-நாஇத். இந்த ராஜ வம்சத்தில் பிறந்தவரே இல்லை. அவருடைய மகன்தான் பெல்ஷாத்சார். ஆகவே உங்களிடம் வாதாடியவர் சொன்னது சரி.

கடலோரம்

ஆனால் ஒரு காலத்தில் பெல்ஷாத்சார் என்று ஒரு ஆளே இல்லை, கதைப் பாத்திரம் என்று சொன்னவர்களும் உண்டே? அவர்களும் தோற்றார்கள்தானே?

களிமண்

தோற்றார்கள். 1854இல் டெய்லர் என்ற ஆங்கிலேயர் ஊர் நகரத்துச் சிகுராத்தில், அதாவது படிப்படியாக உயரும் கோவில் கோபுரத்தில், எடுத்த களிமண் உருளைகளில் நபோனிது தன் மூத்த மகன் பேல்-ஷர்-உஸுருக்காக வேண்டுகிறார். நபோனிது பத்து வருடம் அரேபியாவில் தைமா சோலையில் போய் உட்கார்ந்துகொண்டார், பாபிலோனை மகன் பார்த்துக்கொண்டார். தானியேலை “ராஜ்யத்தில் மூன்றாம் அதிபதி” ஆக்குகிறேன் என்ற பேச்சு அதனால்தான் என்று பலர் விளக்குவார்கள். அப்பா ஒன்று, மகன் இரண்டு, தானியேல் மூன்று.

நாடோடி77

அந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு தானியேலில் எல்லாம் சரி என்று ஒரு கூட்டம் கிளம்பும். பாபிலோனிய ஆவணங்களில் பெல்ஷாத்சார் ‘ராஜாவின் மகன்’தான், ‘ராஜா’ இல்லை. வருடங்கள் கடைசிவரை நபோனிது பெயரிலேயே எண்ணப்பட்டன. ராஜா ஊரில் இல்லாததால் புத்தாண்டுத் திருவிழாவே நடக்கவில்லை என்று நாளாகமப் பலகை வருடாவருடம் புலம்புகிறது. மகனே ராஜாவாக இருந்திருந்தால் அவன் நடத்தியிருப்பானே.

களிமண்

ஒப்புக்கொள்கிறேன். ஆள் இருந்தார் என்பதில் தானியேல் ஜெயித்தது, பட்டத்திலும் தகப்பன் பேரிலும் பலகைகள் ஜெயித்தன. கிழக்குவாசல் அக்கா, இதற்காக யாரோடும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மழைத்துளி

இந்த முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்ற எண்களை அவர்களே போட்டுக்கொண்டார்களா?

களிமண்

இல்லை தம்பி, அது நம் காலத்து ஆசிரியர்கள் போட்டது. அவர்கள் அப்பா பெயரைச் சொல்லித்தான் வேறுபடுத்துவார்கள். நமக்குத் தெரிந்த நேபுகாத்நேச்சார் இரண்டாமவர். முதலாமவர் அவருக்கு ஐந்நூறு வருடம் முன்னால், எலாமியர் தூக்கிக்கொண்டு போன மார்துக் சிலையை மீட்டு வந்தவர். பெயருக்கே ஒரு கவுரவம் வந்துவிட்டது.

மூன்றும் நாலும் யார் தெரியுமா? கி.மு. 522இல் தரியு பாரசீகத்தில் பட்டத்துக்கு வந்ததும் பாபிலோன் கலகம் செய்தது. நிதிந்து-பேல் என்று ஒருவன் “நானே நேபுகாத்நேச்சார், நபோனிதுவின் மகன்” என்று எழுந்தான். தரியு அவனைக் கொன்றான். அடுத்த வருடமே அரகா என்று ஒரு அர்மீனியன் அதே பெயரையும் அதே அப்பாவையும் சொல்லிக்கொண்டு எழுந்தான். அவனையும் கொன்றான். பெஹிஸ்தூன் மலைப்பாறையில் தரியு மூன்று மொழியில் இதைச் செதுக்கி வைத்து, “பொய் சொன்னான்” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். நபோனிதுவின் மகன் என்றால் போதாது, நேபுகாத்நேச்சாராகவும் இருக்க வேண்டியிருந்தது.

நாடோடி77

இந்த இழையில் இதைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. நான் 1986 முதல் இரண்டு வருடம் ஈராக்கில், ஹில்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுமான வேலையில் மேஸ்திரியாக இருந்தேன். பாபிலோன் அங்கிருந்து கூப்பிடு தூரம். வெள்ளிக்கிழமை விடுமுறையில் இரண்டு மூன்று பேராகப் போவோம். அப்போது அரண்மனையைப் பழைய அடித்தளத்தின் மேலேயே புதுச் செங்கல் வைத்து எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கீழ் வரிசையில் பழைய செங்கல். சதுரமாக, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, மேலே முத்திரை குத்தியது போல ஆப்பெழுத்து. கூட வந்த ஈராக்கிய பொறியாளர் விரலால் தடவிக் காட்டி அதன் அர்த்தத்தைச் சொன்னார்: பாபிலோனின் அரசன் நேபுகாத்நேச்சார், எசகிலா, எசிதா கோவில்களைப் பேணுபவன், பாபிலோனின் அரசன் நபோபொலாசரின் தலைமகன். லட்சக்கணக்கான செங்கல்லில் இதே வாசகமாம். ஹில்லாவின் பழைய வீடுகளிலும் அந்தச் செங்கற்களைப் பெயர்த்து வந்து கட்டியிருந்தார்கள்.

மேல் வரிசைப் புதுச் செங்கல்லிலும் இடையிடையே எழுத்து இருந்தது. அது அரபு. சதாம் உசேன் காலத்தில் பாபிலோன் திரும்பக் கட்டப்பட்டது என்று. பொறியாளர் அதையும் படித்துக் காட்டினார், ஆனால் விரலால் தடவவில்லை. குரலையும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

மேஸ்திரி என்ற முறையில் சொல்கிறேன், கீழே இருந்தது நல்ல செங்கல்.

பழம்பஞ்சாங்கம்

அசீரிய ராஜாக்கள் கட்டடத்துக்கு அடியில் வைத்த கல்வெட்டுகளில் கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கும். பின்னால் வரும் அரசனே, இந்தக் கட்டடம் பழுதானால் புதுப்பி, என் பெயர் எழுதியதை எண்ணெய் பூசி, பலியிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வை. என் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதுகிறவனை தெய்வங்கள் பார்த்துக்கொள்ளும். நாடோடி சொன்ன இடத்தில் எண்ணெய் பூசினார்களா என்று தெரியவில்லை.

கிழக்குவாசல்

எல்லோருக்கும் நன்றி. மகள் நோட்டில் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறாள், தன் பெயருக்கும் ஒரு அக்காடிய வாக்கியம் வேண்டும் என்று நச்சரிக்கிறாள்.

ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். அடுத்த மாத வாசிப்புப் பட்டியலில் எனக்கு எஸ்தர் புத்தகம் விழுந்திருக்கிறது. மொர்தெகாய் என்ற பெயரைப் பார்த்ததும் மனசு ‘மார்துக்’ என்று வாசிக்கிறது. நீங்கள் கெடுத்துவிட்டீர்கள். அப்படி இருக்குமா?

களிமண்

மார்துக்தான் அக்கா. எஸ்தர் என்பதில் இஷ்தார் இருப்பதாகவும் பலர் சொல்வார்கள், அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். செருபாபேல் ‘பாபிலோனின் வித்து’. நெகேமியாவை எதிர்த்த சன்பல்லாத்து என்பது சின்-உபல்லித், “சின் உயிர் தந்தார்.” சனகெரிப்பில் இருக்கும் அதே நிலாத் தெய்வம்.

கிழக்குவாசல்

ஆயரிடம் சொல்லட்டுமா?

பழம்பஞ்சாங்கம்

வாசிப்பு முடிந்து, காபி குடிக்கும்போது சொல்லுங்கள் அம்மா.